பத்திரிகை வேலை நேர்முகத் தேர்வு: நம் பிள்ளைகள் தயாராவது எப்படி?

(நமது அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)



"பத்திரிகையில் நம்மைப் பற்றித் தப்புத் தப்பாக எழுதுகிறார்கள்" என்று ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன்னால் நின்று பேசுகிறோம். பிள்ளை இதழியல் படிக்கிறேன் என்றால், "அதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று தடுப்பவர்களும் நாம்தான். அதையும் மீறிப் படித்து முடித்த பிள்ளைகளுக்காகச் சில வார்த்தைகள்.

நாம் கல்வி உதவி வழங்கிய ஒரு மாணவர் சென்ற ஆண்டு ஒரு நாளிதழின் நேர்முகத்துக்குப் போனார். நல்ல மதிப்பெண். "இன்று எங்கள் இதழின் தலைப்புச் செய்தி என்ன?" என்று கேட்டார்கள். தெரியவில்லை. "உங்கள் வார்டில் என்ன பிரச்சினை?" அதற்கும் பதில் இல்லை. வேலை கிடைக்கவில்லை. முன்கூட்டியே சொல்லிக் கொடுக்காத நமக்கும் அதில் பங்குண்டு.

ஆகவே, எந்த இதழுக்குப் போகிறீர்களோ அதை ஒரு மாதமாவது தொடர்ந்து படியுங்கள். எழுத்துத் தேர்வும் இருக்கலாம். ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதவும், நீண்ட அறிக்கையைச் சுருக்கவும் தினமும் பழகுங்கள். ல, ள, ழ குழப்பமும் ஒற்றுப் பிழையும் உடனே கண்ணில் படும். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிகள் 234, மக்களவைத் தொகுதிகள் 39 என்பதெல்லாம் நாவில் நிற்கட்டும். முதல் தகவல் அறிக்கை வேறு, குற்றப்பத்திரிகை வேறு என்பது தெரிந்திருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் தெருச் சாக்கடை பற்றியே ஒரு மனு போட்டுப் பாருங்கள். நேர்முகத்தில் பேச உங்களிடம் சொந்தச் செய்தி ஒன்று இருக்கும்.

"உங்கள் சமுதாயத்தவர் தவறு செய்தால் எழுதுவீர்களா?" என்றும் கேட்கலாம். தயங்க வேண்டாம். "விசாரிப்பேன், ஆதாரம் பார்ப்பேன், அவர் தரப்பையும் கேட்பேன், பிறகு எழுதுவேன்" என்று சொல்லுங்கள். அறிவிப்பாளர் நம்பத்தக்கவரா என்று ஆராய்ந்து ஆராய்ந்து ஹதீஸ்களைத் தொகுத்த இமாம்களின் வழி வந்த நமக்கு இது புதிதல்ல.

பெற்றோர்களே, நாளை உங்கள் பிள்ளை நம் ஜமாஅத்தின் குறையையே எழுதலாம். கோபப்படாதீர்கள். இந்த அறக்கட்டளையின் கணக்கைக் கேட்டு வந்தாலும் பதிவேட்டை எடுத்து முன்னால் வைப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.