ஆங்கிலச் சொல், நம் வாக்கியம்

படிக்கவும் வேலைக்கும் வெளிநாடு புறப்படும் பிள்ளைகளே!

முன்ஷி அப்துல்லாவைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1796-இல் மலாக்காவில் பிறந்தவர். யேமனிலிருந்து நாகூர் வந்து, அங்கேயே பெண் கட்டிய ஓர் அரபியரின் வழிவந்தவர். நம் சூலியா தெரு தர்காவின் பெயரில் இருக்கிற அதே நாகூர்தான். வெள்ளைக்காரர்களுக்கு அவர் மலாய் கற்றுக்கொடுத்தார். தாம்சன் என்ற பாதிரியாரிடம் பட்ட பாட்டைத் தம் ஹிகாயத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பாதிரியாரின் மொழிபெயர்ப்பில் சொல் மலாய், வாக்கியம் ஆங்கிலம். திருத்தினாலும் கேட்கமாட்டாராம்.

இன்று நாம் அதையே திருப்பிச் செய்கிறோம். சொல் ஆங்கிலம், வாக்கியம் மலாய் அல்லது தமிழ். "கேன் ஐ ஃபாலோ யூ?" என்று பினாங்கில் கேட்டால், உங்கள் காரில் நானும் வரலாமா என்று அர்த்தம். மலாயில் 'ஈக்குட்' என்கிறோமே, அது. லண்டனில் அதையே கேட்டால், பின்னாலேயே வரட்டுமா என்று கேட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இங்கே அப்படிப் பேசுவதை நான் குறை சொல்லவில்லை. கொம்தாரில் எல்லாருக்கும் புரிகிறது. விமானம் ஏறினால்தான் சிக்கல்.

உச்சரிப்பைப் பற்றிப் பெற்றோர் நிறையக் கவலைப்படுகிறீர்கள். நிதானமாகப் பேசினால் அதில் பாதி சரியாகிவிடும். எனக்குப் பயம் நம் மரியாதையைப் பற்றித்தான். அத்தாவிடமும் உஸ்தாதிடமும் "புரியவில்லை" என்று சொல்லாமல் தலையாட்டி வளர்ந்தவர்கள் நாம். கேட்க வேண்டியதையும் சுற்றி வளைத்துக் கேட்போம்.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் அவியாங்கா விமானம் ஒன்று நியூயார்க்கை நெருங்கியது. வானிலை மோசம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே காத்திருக்க வைத்தார்கள். முதல் முறை தரையிறங்க முடியாமல் போனதும், எமர்ஜென்சி என்று சொல் எனத் தலைமை விமானி ஸ்பானிய மொழியில் துணை விமானியிடம் சொன்னார். துணை விமானியோ, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் ஆங்கிலத்தில் தெரிவித்தார். அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. இன்னும் ஒரு சுற்று வரச் சொல்கிறோம், எரிபொருள் தாங்குமா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டபோது, தாங்கும் என நினைப்பதாகச் சொல்லி நன்றியும் கூறினார். ஓடுதளத்தை எட்டுமுன் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. எதிரில் இருந்தவர்களும் தெளிவாகக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் நம் கையில் இருப்பது நம் பேச்சு மட்டும்.

ஆகவே, பிள்ளைகளே, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் ஸாரி, டிஸ்டர்ப் பண்றேன் என்று ஆரம்பிக்காதீர்கள். நெஞ்சு வலிக்கிறது, ஒரு மணி நேரமாக, முகவரி இது. அவ்வளவு போதும், நன்றியைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். வீட்டு ஒப்பந்தமோ, மேலாளர் சொன்ன வேலையோ, கேட்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேளுங்கள். பெற்றோர்களே, இன்று ராத்திரி சாப்பாட்டு மேசையிலேயே பிள்ளைகள் உங்களைத் திருப்பிக் கேட்டால், எதிர்த்துப் பேசுகிறார்கள் என்று கோபப்படாமல் இருங்கள்.