ஜனவரி 11: ஒரே தேதி, நாலு கதை

(கோவையில் நடந்த ஐ.டி. பிரிவு தன்னார்வலர் சந்திப்பில் பேசியது. கேட்டவங்களுக்காக எழுத்து வடிவில் இங்கே.)

 

எனக்குக் கொடுத்த தலைப்பு, "இந்த நாளில் அன்று". நம்ம வேலையில பாதி இதுதானே? காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சு, இன்னிக்கு யாருக்குப் பொறந்த நாள், யாருக்கு நினைவு நாள்னு பாத்து, ஒரு போட்டோ, ஒரு தேதி, "புகழ் ஓங்குக"ன்னு ஒரு வரி, ஏழு மணிக்குள்ள போஸ்ட். பத்து மணிக்கு அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. போட்ட நமக்கே இருக்காது!

அதனால இன்னிக்கு ஒரே ஒரு தேதிய மட்டும் எடுத்துக்கறேன். ஜனவரி 11. இந்தத் தேதியில நாலு சம்பவம். நாலையும் பாத்தீங்கன்னா ஒண்ணு புரியும். காலண்டர்ல ஒரு தேதிதான் இருக்கும். ஆனா கதை அந்தத் தேதிக்கு முந்தின நாள்லயோ, பிந்தின நாள்லயோதான் இருக்கும்.

முதல் கதை நம்ம ஊர்க் கதை. 1932 ஜனவரி 11. திருப்பூர் குமரன் இறந்த நாள்.

கொடி காத்த குமரன்னு சொன்னா சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஆனா அவர் யாருன்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு திருப்பூர்ல இருக்கற ரோட்டு பேருன்னுதான் சொல்லுவாங்க. குமரன் பொறந்தது 1904 அக்டோபர் 4, சென்னிமலையில. இன்னிக்கு அது ஈரோடு மாவட்டம், அன்னிக்கு சென்னிமலை, திருப்பூர், பொள்ளாச்சி எல்லாமே ஒரே கோயம்புத்தூர் ஜில்லா. கைத்தறி நெசவுக் குடும்பம். அஞ்சாங்கிளாஸோட படிப்பு நின்னுபோச்சு. தறி ஓட்டினாரு, அதுல கட்டுப்படியாகல. திருப்பூருக்கு வந்து மில்லு வேலைக்குப் போனாரு. வீட்டுல மனைவி ராமாயி. நம்ம பக்கம் ஆயிரம் குடும்பத்துல இருக்கற கதைதானுங்க இது. தறியில வருமானம் பத்தல, டவுனுக்கு வேலைக்குப் போ. தலைவர் வீட்டுப் புள்ள இல்ல. பெரிய பேச்சாளரும் இல்ல. தேசபந்து வாலிபர் சங்கத்துல ஒரு உறுப்பினர். இன்னிக்குக் கணக்குல சொன்னா, தன்னார்வலர். நம்மள மாதிரி.

1932 ஜனவரி 4ஆம் தேதி காந்தியக் கைது பண்றாங்க. நாடு பூராவும் தலைவர்கள உள்ள தூக்கிப் போட்டாச்சு. ஊர்வலத்துக்குத் தடை, கொடி பிடிச்சா அடி. அந்த நிலைமையில ஜனவரி 10ஆம் தேதி திருப்பூர்ல பி.எஸ்.சுந்தரம் தலைமையில ஒரு சின்ன ஊர்வலம் கிளம்புது. குமரன் கையில மூவர்ணக் கொடி. இப்ப இருக்கற சக்கரம் இல்ல, நடுவுல ராட்டை இருந்த கொடி. போலீஸ் தடியடி. சுந்தரத்துக்கும் பலத்த அடி. குமரனுக்கு மண்டையில அடி விழுந்து கீழ சாயறாரு. கையில இருந்த கொடிய விடல. அடுத்த நாள், 11ஆம் தேதி, ஆஸ்பத்திரியில உயிர் போச்சு. வயசு 27.

இங்க உக்காந்திருக்கறவங்கள்ல பாதிப் பேரோட வயசுங்க அது. நாம வருசா வருசம் 11ஆம் தேதி போஸ்ட் போடறோம். அவர் முடிவு எடுத்தது 10ஆம் தேதி. காலைல வீட்டுல இருந்து கிளம்பறப்ப அடி விழும்னு அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிஞ்சேதான் போனாரு. அந்த 10ஆம் தேதிக்கு நம்மகிட்ட ஒரு கார்டு கூட இல்ல.

ரெண்டாவது கதை, 1966 ஜனவரி 11. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்ட்ல இறந்தாரு. முந்தின நாள், அதே 10ஆம் தேதிதான், பாகிஸ்தான் அதிபர் அயூப்கானோட சமாதான ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாரு. ராத்திரி படுத்தவரு, விடியறதுக்குள்ள மாரடைப்புல போயிட்டாருன்னு செய்தி. பிரேத பரிசோதனை நடக்கல. இவ்வளவுதான் உறுதியா தெரிஞ்ச விசயம். இதுக்கு மேல சிவப்பு வட்டம் போட்டு, "மறைக்கப்பட்ட உண்மை"ன்னு வருசா வருசம் ஒரு பார்வர்டு வரும் பாருங்க, அதத் தயவு செஞ்சு நம்ம பக்கத்துல இருந்து யாரும் தள்ளிவிடாதீங்க. கேள்வி கேக்கறது வேற. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்றது வேற.

சாஸ்திரிக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்குதுங்க. அவரோட உணவு, விவசாய அமைச்சர் யாரு? பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்துல பொறந்த சி.சுப்பிரமணியம். அப்ப நாட்டுல சோத்துக்குப் பஞ்சம். அமெரிக்காவுல இருந்து கப்பல்ல கோதுமை வந்தாத்தான் ரேசன் கடையில அளக்க முடியும். சாஸ்திரி, வாரத்துல ஒரு வேளை சாப்பாட்ட விடுங்கன்னு மக்கள்கிட்டக் கேட்டாரு. 1965 ஜனவரி 14, நம்ம பொங்கல் சமயத்துல, இந்திய உணவுக் கழகம் தொடங்கினாங்க. அதோட முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர்ல.

அதே சமயத்துல இன்னொண்ணு நடக்குது. இந்தி எதிர்ப்புப் போராட்டம். தமிழ்நாடு பத்தி எரியுது. பிப்ரவரி 11ஆம் தேதி சி.எஸ்.ஸும் ஓ.வி.அளகேசனும் மத்திய அமைச்சர் பதவிய ராஜினாமா பண்றாங்க. அன்னிக்கு ராத்திரியே சாஸ்திரி ரேடியோவுல பேசி, நேரு கொடுத்த மொழி வாக்குறுதிய காப்பாத்துவோம்னு சொல்றாரு. பொறவு ராஜினாமா வாபஸ். பதவிய வெச்சுக்கிட்டே குரல் கொடுக்கறது ஒரு வழி, பதவியவே தூக்கிக் கொடுத்துட்டுக் குரல் கொடுக்கறது இன்னொரு வழி. நம்ம கொங்குக்காரர் ரெண்டாவது வழிய எடுத்தாரு.

திரும்பி வந்து என்ன பண்ணாரு? நம்ம கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில படிச்ச எம்.எஸ்.சுவாமிநாதன் மாதிரி விஞ்ஞானிங்க சொன்னதக் காது கொடுத்துக் கேட்டாரு. கட்சிக்குள்ளயும் வெளியவும் எதிர்ப்பு. 1966ல மெக்சிகோவுல இருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்கினாங்க. 1964-65ல சுமார் 1.2 கோடி டன்னா இருந்த கோதுமை விளைச்சல், 1967-68ல 1.65 கோடி டன் ஆச்சு. உரம், தண்ணி, நிலம் இதுல எல்லாம் பசுமைப் புரட்சி கொண்டுவந்த பிரச்சினைகளப் பத்தி நாம தாராளமா விவாதிக்கலாம், விவாதிக்கணும். ஆனா கப்பலப் பாத்துக் காத்துக்கிட்டு இருந்த காலம் முடிஞ்சது அங்கதான். "ஜெய் ஜவான் ஜெய் கிசான்"னு சொன்ன மனுசன் அதப் பாக்க இல்ல.

மூணாவது கதை கொஞ்சம் வெளியூரு. 1922 ஜனவரி 11, கனடாவுல டொரன்டோ ஆஸ்பத்திரி. லியோனார்ட் தாம்சன்னு 14 வயசுப் பையன். சர்க்கரை நோயில எலும்பும் தோலுமா கிடக்கறான். மனுசனுக்குச் சர்க்கரை நோய்க்கு முதல் இன்சுலின் ஊசி அன்னிக்குத்தான் போட்டாங்க. ஏனுங்க, நம்ம வீட்டு ஃபிரிட்ஜ்ல முட்டைக்குப் பக்கத்துல அப்பாவுக்கோ அம்மிச்சிக்கோ ஒரு ஊசி மருந்து இருக்குதுல்ல, அதோட கதை ஆரம்பிச்சது அங்க.

ஆனா சொல்லாத விசயம் என்னன்னா, 11ஆம் தேதி போட்ட ஊசி சரியா வேலை செய்யல. மருந்து சுத்தமா இல்ல, ஊசி போட்ட இடம் கட்டி ஆயிருச்சு. நிறுத்திட்டாங்க. காலிப்னு ஒரு விஞ்ஞானி ராத்திரி பகலா உக்காந்து மருந்தச் சுத்தப்படுத்தினாரு. 23ஆம் தேதி மறுபடி போட்டாங்க. பையன் தேறினான். பான்டிங், பெஸ்ட், காலிப் மூணு பேரும் காப்புரிமைய ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துட்டாங்க. ஒரே ஒரு டாலருங்க! ஸ்டார்ட்-அப் கனவுல இருக்கற நம்ம இன்ஜினியரிங் பசங்க இத ஒருக்கா யோசிச்சுப் பாக்கணும்.

நாலாவது, கிரிக்கெட். இது இல்லாட்டி பின்னாடி உக்காந்திருக்கற தம்பிங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. ஜனவரி 11 ராகுல் டிராவிட் பொறந்த நாள், 1973. அவரோட 48வது பொறந்த நாளுக்கு, 2021ல, சிட்னி டெஸ்ட்டோட கடைசி நாள். இலக்கு 407. முந்தின நாள் சாயங்காலம் நாம 98க்கு 2. ஜடேஜாவுக்குக் கட்டை விரல் உடைஞ்சிருக்கு. பண்ட் 97 அடிச்சுட்டுப் போனாரு, புஜாரா 77. அதுக்கப்புறம் தொடையில காயத்தோட விஹாரி, முதுகு வலியோட நம்ம அஸ்வின். ரெண்டு பேருமாச் சேந்து 250 பந்துக்கு மேல நின்னாங்க. விஹாரி 161 பந்துல 23, அஸ்வின் 128 பந்துல 39. ஸ்கோரப் பாத்தா சிரிப்பு வரும். மேட்ச் டிரா. அடுத்த மேட்ச் பிரிஸ்பேன், தொடரே நம்மளுது. அன்னிக்கு நிக்காம இருந்திருந்தா பிரிஸ்பேன்ல ஜெயிச்சும் தொடர் கைக்கு வந்திருக்காது.

சரி, இதுல இருந்து நமக்கு என்ன வேலைன்னு சொல்லி முடிச்சுக்கறேன். மூணே மூணு கோரிக்கை.

ஒண்ணு, இனிமே நினைவு நாள் கார்டு போட்டா, அவர் என்ன வேலை பாத்தாரு, எந்த ஊரு, முந்தின நாள் என்ன நடந்துச்சு, இந்த மூணும் அதுல இருக்கணும். "புகழ் ஓங்குக" அதுக்குக் கீழ வரட்டும்.

ரெண்டு, உறுதியா தெரியாதது கார்டுல வரக்கூடாது. நாம போடற ஒரு தப்பான தேதி, நாளைக்கு நம்ம ஊருப் புள்ளைங்க பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில போய் நிக்கும்.

மூணு, ஜனவரி 11க்கு மூணு நாள் முன்னாடி, ஜனவரி 8. 1946ல அன்னிக்குத்தான் கோவை ஜெயில்ல நாலு மில் தொழிலாளிங்களத் தூக்குல போட்டாங்க. ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். சின்னியம்பாளையம் தியாகிகள். அவிநாசி ரோட்டுல தினமும் அந்த ஊரத் தாண்டித்தான் நாம ஏர்போர்ட்டுப் பக்கம் வந்து போறோம். அவங்க எந்தக் கட்சி, நாம எந்தக் கட்சிங்கறது இருக்கட்டும். நம்ம மண்ணுல கூலிக்காகவும் மானத்துக்காகவும் நின்னவங்க. இந்த வருசம் அவங்க நாலு பேருக்கும் பேரு போட்டு ஒரு கார்டு தயார் பண்ணணும். டிசைன் பண்ணத் தெரிஞ்சவங்க கூட்டம் முடிஞ்சதும் என்னைப் பாருங்க, எழுதற வேலைய நான் எடுத்துக்கறேன்.

 

#ஜனவரி11 #கொடிகாத்தகுமரன் #சின்னியம்பாளையம்தியாகிகள் #கொங்குமண்