"எல்லாரும்தான் போடுறாங்க சார்!"

(வட்டார அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் சட்டைப்பையில் புகையிலைப் பொட்டலத்தைக் கண்டேன். உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் வகை. வகுப்பே பார்க்க அவனை நிற்க வைத்துத் திட்டினேன். "எல்லாரும்தான் போடுறாங்க சார்" என்றான். திமிர்ப் பேச்சு என்று நினைத்து, "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று வெளியே அனுப்பினேன். நான்கு நாள் அவன் வரவில்லை. அந்த நான்கு நாளும் அவன் இருந்தது, அதைப் பழக்கிவிட்ட பெரிய பையன்களோடுதான் என்று பிறகு தெரிந்தது. அவர்களிடம் அவனை அனுப்பி வைத்தது நான்தான்.

திரும்பி வந்தவனிடம் மரத்தடியில் உட்கார்ந்து தனியாகப் பேசினேன். வீட்டில் பீடி வாங்கிவர அவனைத்தான் அனுப்புவார்களாம். மாலையில் கபடி ஆடும் அண்ணன்கள் பொட்டலத்தை நீட்டுவார்களாம். மறுத்தால் "சின்னப்பையன்" என்று கேலியாம். புகையிலை மீது ஆசைப்பட்டு அவன் தொடங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்றுதான் தொடங்கினான்.

அவன் சொன்ன 'எல்லாரும்' என்ற சொல் மட்டும் என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. வகுப்பில் பெயர் எழுதாத துண்டுச் சீட்டுகள் கொடுத்தேன். இரண்டே கேள்விகள்: நம் வகுப்பில் எத்தனை பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கும்? உனக்கு இருக்கிறதா? பாதிப் பேருக்கு இருக்கும் என்றே பலரும் எழுதியிருந்தார்கள். 'ஆம்' என்ற சீட்டுகளோ ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. சிலர் மறைத்திருக்கலாம். ஆனாலும் இடைவெளி பெரிது.

2019ஆம் ஆண்டு இந்தியாவில் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பும் இதையே சொல்கிறது. 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் புகையிலை பயன்படுத்துவோர் 8.5 விழுக்காட்டினர். அதாவது, நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் தொடுவதில்லை. இதைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு அமைதியானது. 'வேண்டாம்' என்பவன் தனி ஆள் இல்லை என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டோருக்கும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜ தூரத்துக்குள்ளும் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை எடுத்துச் சொன்னோம். பீடி வாங்கப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டோம். தேநீர்க் கடையில் சிகரெட் பற்றவைக்கும் ஆசிரியர்களுக்கும் அதே வேண்டுகோள்தான்.

அந்த மாணவன் உடனே விட்டுவிடவில்லை. இரண்டு முறை மறுபடியும் தொடங்கினான். 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண்ணில் அவனைப் பேச வைத்தேன். பள்ளிக் கபடி அணியிலும் சேர்த்தோம். அங்கே அவனுக்கு ஓர் இடம் கிடைத்தது. பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். "வெளியே போ" என்று சொல்வதற்கு முன், வெளியே அவனுக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிப்போம்.