குளுகுளு கடையில் காத்து எங்கே?

(சங்கரன்கோவில் பட்டிமன்றம். தலைப்பு: இன்றைக்குக் கடைக்குப் போவது சுகமா? சுமையா? 'சுமையே' என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! ஏ.சி.க்கு வக்காலத்து வாங்கிவிட்டு, இந்தத் திறந்தவெளி மேடையில் சுகமாகக் காற்று வாங்கிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) கோமதி அம்மன் குடியிருக்கும் சங்கரன்கோவில் மண்ணின் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ரொம்ப அழகாச் சொன்னாங்க. "கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே காலை வெச்சா ஊட்டி மாதிரி இருக்கு. உப்பிலிருந்து ஒட்டியாணம் வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்குது" என்றார்கள். வாஸ்தவம். ஆனா ஊட்டியிலே யூகலிப்டஸ் மணக்கும். ஆடித் தள்ளுபடி நேரத்துல சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தக் கடையோட ரெண்டாவது மாடி என்ன மணக்குது? அதைச் சகோதரி சொல்லவே இல்லையே! (கைதட்டல்)

நான் சொல்றேன். புதுத் துணிக்குப் போட்ட மருந்து வாசம். மூலையில அந்துருண்டை. ஐந்நூறு பேரோட வேர்வை. யாரோ பையில வெச்சிருக்கிற பஜ்ஜிப் பொட்டலம். மாடிப்படிக்குப் பக்கத்துலயே கழிப்பறை. இது அத்தனையையும் மறைக்கிறதுக்கு 'ரோஜா'ன்னு எழுதின ஒரு ஸ்பிரே. எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து, ரோஜாத் தோட்டத்துக்குள்ள யாரோ தப்புத்தண்டா பண்ணிட்டுப் போன மாதிரி ஒரு வாடை! (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, தமிழிலே 'நாற்றம்' என்றால் ஒரு காலத்தில் நல்ல மணம் என்றுதான் பொருள். ஆண்டாள் சங்கைப் பார்த்து நாறுமோ என்று கேட்டாளே, அது மணக்குமோ என்ற அர்த்தத்தில். அப்பேர்ப்பட்ட நல்ல சொல்லு எப்படிக் கெட்டுப்போச்சு? எனக்கென்னமோ, யாரோ ஒரு புலவர் பண்டிகைக்கு முதல்நாள் ஜவுளிக் கடைக்குள்ள போயிட்டு வந்திருப்பார்னு தோணுது. (சிரிப்பு)

கடையில வாடையே இருக்கக்கூடாதுன்னு நான் சொல்ல வரலை. நம்ம ஊரு பூ மார்க்கெட் காலையில மல்லிகை மணக்கும், பொழுது சாயும்போது வாடின பூ வீச்சமும் அடிக்கும். கருவாட்டுக் கடை இருக்கு, தெருமுனையிலேயே ஆளைக் கூப்பிடும். அந்த அண்ணாச்சி அந்த வாடையிலதான் முப்பது வருஷமா உட்கார்ந்திருக்காரு. யாராவது அங்க மயங்கி விழுந்தாங்களா? ஏன் விழலை? அது சரக்கோட வாசம். வருது, காத்துல போயிடுது. நான் சொல்றது காத்து இல்லாத வாசம். அது வரும், ஆனா போகாது.

பழைய கடைத்தெருக் கடைகளை நினைச்சுப் பாருங்க. முன்பக்கம் சுவரே கிடையாது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்ட பலகைக் கதவு. காலையில அத்தனையும் கழட்டிப் பக்கத்துல சாத்திட்டா முகப்பு முழுசும் திறப்புத்தான். மேலே ஓடு. சூடான காத்து மேலே ஏறி ஓட்டு இடுக்கு வழியாப் போயிடும், தெருவிலேயிருந்து புதுக்காத்து கீழே நுழையும். கரண்ட் பில்லே இல்லாத ஏற்பாடு! இன்னிக்கு? முகப்பு முழுக்கக் கண்ணாடி. அதுக்கு மேலே நாலு மாடி உயரத்துக்கு நடிகை படம் போட்ட விளம்பரத் தகடு. அதுக்குப் பின்னாடி ஜன்னல் இருந்தாலும் அது அந்தம்மா முதுகுக்குப் பின்னாடி இருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

"அதான் ஏ.சி. இருக்கே" என்பார்கள். இங்கேதான் எதிரணி மாட்டுது. சுவர்ல மாட்டுற ஏ.சி. வெளியிலிருந்து ஒரு சொட்டுக் காத்துக்கூட உள்ளே கொண்டுவராது. அறையில இருக்கிற அதே காத்தை இழுத்து, குளிர வெச்சு, திரும்ப நம்ம மேலேயே விடுது. அவ்வளவுதான் அதோட வேலை. நேத்து வெச்ச கெட்டுப்போன குழம்பை ஃபிரிட்ஜில வெச்சா ஜில்லுனு ஆகும், நடுவரே. புதுக் குழம்பு ஆயிடுமா? (பலத்த கைதட்டல்)

கணக்கு சொல்றேன். வெளிக்காத்துல கரியமில வாயு சுமார் 0.04 சதவீதம். நாம விடுற மூச்சுல சுமார் 4 சதவீதம். நூறு மடங்கு! 1858-ஆம் வருஷமே ஜெர்மனியில மியூனிக் நகரத்து மாக்ஸ் பெட்டன்கோஃபர்ங்கிற விஞ்ஞானி இதைப் பிடிச்சுட்டார். அறைக் காத்துல கரியமில வாயு ஆயிரத்துல ஒரு பங்கைத் தாண்டினா, அந்தக் காத்து மனுஷன் இருக்க லாயக்கில்லைன்னார். அந்த அளவுல அந்த வாயு விஷம்னு அவர் சொல்லலை. மூச்சும் வேர்வையும் எவ்வளவு தேங்கிக் கிடக்குன்னு காட்டுற அளவுகோல் அதுன்னார். அதாவது, எனக்குப் பக்கத்துல நிக்கிறவர் விட்ட மூச்சை நான் எவ்வளவு குடிக்கிறேன்ங்கிற கணக்கு. எங்க வீட்டம்மா சேலை எடுக்கிறதுக்கு மூணு மணி நேரம். அதுக்குள்ள நான் அந்த மாடியில இருக்கிற அத்தனை குடும்பத்தோடயும் மூச்சுவழிச் சொந்தக்காரன் ஆயிடுறேன்! (சிரிப்பு)

கடைக்காரர்களை நான் வையலை. நம்ம ஊரு அண்ணாச்சிமார்தான். சில சங்கதி அவங்களுக்கே தெரியறதில்லை. காலையில வாடை அடிக்குதுன்னு பினாயிலை ஊத்துவாங்க. ஆனா வாடை எங்கேயிருந்து வருது? தரையில தண்ணி போறதுக்குச் சல்லடை போட்ட ஓட்டை இருக்கும். அதுக்கு அடியில வளைஞ்ச குழாய்ல கொஞ்சம் தண்ணி எப்பவும் நிக்கணும். அந்தத் தண்ணிதான் சாக்கடை வாயுவுக்குப் பூட்டு. பல நாள் யாரும் அங்கே தண்ணி ஊத்தாம விட்டா, அது காஞ்சு பூட்டுத் திறந்துக்கும். ஒரு செம்புத் தண்ணி ஊத்தினாத் தீர்ற விஷயத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு சென்ட் வாங்கி அடிக்கிறாங்க! தாய்மார்களே, உங்க வீட்டு பாத்ரூமுக்கும் இதேதான். ஊருக்குப் போயிட்டு வந்தா முதல்ல ஒரு செம்புத் தண்ணி.

ஏ.சி. வடிகட்டியைக் கழட்டிக் கழுவாம விட்டா ஈரத்துல பூசணம் பிடிச்சு, நனைஞ்ச காலுறை வாடை வரும். எக்சாஸ்ட் ஃபேன் மாட்டியிருப்பாங்க, சத்தமாச் சுத்தும். ஆனா புதுக்காத்து உள்ளே வர எதிர்ப்பக்கம் வழியே இருக்காது. வர்ற வழி இல்லாம போற வழி மட்டும் எப்படி வேலை செய்யும்?

"வந்தோமா, வாங்கினோமா, போனோமான்னு இருந்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று எதிரணி கேட்கலாம். மூக்குக்கு ஒரு குணம் இருக்கு, நடுவர் அவர்களே. உள்ளே நுழைஞ்சு கொஞ்ச நேரத்துல அந்த வாடை அதுக்குப் பழகிடும். பழகினது மூக்குதான், காத்து மாறலை. நமக்கு மூணு மணி நேரம். ஆனா கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிக்குதே ஒரு பிள்ளை, "அக்கா, இந்தக் கலர் பாருங்கக்கா, உங்களுக்கு எடுப்பா இருக்கும்"னு சிரிச்சுக்கிட்டே எடுத்துப் போடுதே, அதுக்கு? காலையில வந்தா ராத்திரி வரைக்கும் அந்தக் காத்துத்தான். அந்தப் பிள்ளை யாரு? சுத்துப்பட்டுக் கிராமத்துப் பிள்ளை. வீட்டுல தறி நிக்குது, அப்பாவுக்கு முடியலை, தம்பி படிக்கணும்னு வந்த பிள்ளை. தியாகராய நகர்க் கடைகள் வரைக்கும் நம்ம தென்மாவட்டத்துப் பிள்ளைகள்தானே நிக்குது? 2010-ல வசந்தபாலன் 'அங்காடித் தெரு'ன்னு படமே எடுத்தார். அழுதோம். அழுதுட்டு அடுத்த வாரம் அதே தெருவுக்குத் துணி எடுக்கப் போனோம்! (அமைதி)

சட்டம் இல்லையா? இருக்கு. 1947-லேயே கடைகள், நிறுவனங்களுக்குன்னு நம்ம மாகாணத்துல சட்டம் வந்தாச்சு. கடை சுத்தமா இருக்கணும், சாக்கடை கழிப்பறை நாத்தம் வரக்கூடாது, காற்றோட்டம் இருக்கணும்னு அதுல இருக்கு. நின்னுக்கிட்டே வேலை செய்யற பிள்ளைகள் உட்கார நாற்காலி போடணும்னு கேரளாவுல 2018-லயும் தமிழ்நாட்டுல 2021-லயும் சட்டத் திருத்தம் வந்துச்சு. உட்கார இடம் கேட்கவே சுதந்திரம் வந்து எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா, மூச்சுவிட இடம் எப்போ கேட்கிறது?

இது வெறும் வாடை விவகாரம் இல்லை. வாடை போக வழியில்லாத இடத்துல புகையும் போகாது. 2008 செப்டம்பர்ல சென்னை ரங்கநாதன் தெருவில ஒரு பெரிய கடையில தீப்பிடிச்சு ரெண்டு தொழிலாளிகள் இறந்தாங்க. 2017 மே 31 அதிகாலையில தியாகராய நகர் உஸ்மான் சாலையில சென்னை சில்க்ஸ் கட்டடம் பிடிச்ச தீ, மறுநாளும் அடங்கலை. உள்ளே சூழ்ந்த புகையில தீயணைப்பு வீரர்கள் நுழைய முடியாமத் திணறினாங்க. கடைசியில கட்டடத்தையே இடிக்க வேண்டியதாப் போச்சு. பொழுது விடியாத நேரம். அதுவே தீபாவளிக்கு முந்தின சாயங்காலமா இருந்திருந்தா? நினைச்சுப் பார்க்கவே நடுங்குது.

"வெயில் ஊருய்யா இது, ஏ.சி. இல்லாமக் கடை நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடந்துச்சே! 2020-ல கொரோனா ஊரடங்கைத் தளர்த்தினப்போ, பெரிய ஜவுளிக் கடை, நகைக் கடையெல்லாம் ஏ.சி. போடாம, கொஞ்சம் கொஞ்சமா ஆளை விட்டுத்தான் திறக்கணும்னு அரசு சொல்லுச்சு. கதவைத் திறந்து வெச்சாங்க. வியாபாரம் பண்ணினாங்க. ஏ.சி.யைக் கழட்டி எறியச் சொல்லலை நான். இருக்கட்டும். அதோட வெளிக்காத்து வர ஒரு வழி, உள்காத்து போக ஒரு வழி. கூட்டம் தாங்காத நேரத்துல வாசல்லயே அஞ்சு நிமிஷம் நிக்கச் சொல்ல ஒரு ஆள். நம்ம கோயில்ல வரிசையில நிக்கலையா? ஆடிச்சுத்து சுத்த இந்த ஊருக்கு வர்ற கூட்டம், அஞ்சு நிமிஷம் நிக்கிறதுக்கா சடைச்சுக்கப் போகுது?

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடிச்சுட்டார். முடிச்சுக்கிறேன். ஐயா, நீங்க இன்னிக்கு ராத்திரி ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி வீட்டுக்குச் சேலை எடுக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். தாராளமாப் போங்க. முதல் மாடியில எடுக்காதீங்க, மூணாவது மாடிக்கே போங்க. ஒரு மணி நேரம் அங்கேயே இருங்க. இறங்கி வந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கின கையோட, அப்புறமாத் தீர்ப்புச் சொல்லுங்க! (பலத்த கைதட்டல்)