சிங்காரவேலர் எழுத்து நமக்கு எதற்கு?

(ஆரப்பாளையம் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கலைவதற்காக நாம் இங்கே கூடவில்லை. சிங்காரவேலர் எழுதி வைத்ததைப் பேசவே கூடியிருக்கிறோம்.

1860-இல் சென்னை மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தில் வக்கீல் தொழிலை உதறியவர். 1922-இல் கயா காங்கிரசிலே தம்மைக் கம்யூனிஸ்டு என்று பகிரங்கமாகச் சொன்னவர். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்டு மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். 1928-இல் தென்னிந்திய ரயில்வேயில் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்துக்காகச் சிறை சென்றார். எழுபது வயதில் வெளியே வந்தார். ஓய்ந்து உட்கார்ந்தாரா? இல்லை. 'குடிஅரசு' பத்திரிகையில் எழுதிக் குவித்தார். 1935-இல் 'புது உலகம்' என்று தாமே ஒரு பத்திரிகை தொடங்கினார்.

பொதுவுடைமை பேசியவர் வான சாஸ்திரமும் பரிணாமமும் ஏன் எழுதினார்? வறுமை தலைவிதி என்று நம்புகிறவன் சங்கத்துக்கு வரமாட்டான். முதலில் அந்த விலங்கு ஒடிய வேண்டும். அதனால்தான் எழுதினார் என்று நாம் கருதுகிறோம்.

தீண்டாமையைப் பற்றி அவர் சொன்னதும் நமக்கு முக்கியம். பிழைப்புக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை மாறாமல் இழிவு நீங்காது என்று கான்பூரிலே விளக்கினார். நம் மதுரையைப் பாருங்கள். 1939 ஜூலை 8-ந் தேதி மீனாட்சி கோயில் கதவு ஒடுக்கப்பட்டோருக்குத் திறந்தது. பெரிய வெற்றிதான். ஆனால் கதவு திறந்ததால் உழுதவனுக்கு நிலம் வந்ததா? அதற்காக, பொருளாதாரம் மாறட்டும், சாதி தானே ஒழியும் என்று அவர் கைகட்டி இருக்கவில்லை. சுயமரியாதை இயக்கத்தோடு தோள் சேர்ந்து நின்றார். இரண்டு போரும் ஒன்றாகவே நடக்க வேண்டும் என்பதே நாம் கற்கும் பாடம்.

1892-இல் ஹார்வி மில் ஓடத் தொடங்கிய ஊர் இது. வேலை நேரம் என்றால் என்னவென்று மில் தொழிலாளி குடும்பங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை கேட்டு உலகத் தொழிலாளர் ரத்தம் சிந்திய நாள் அது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டசபையிலே நிறைவேறியது! தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. அந்த மே தினத்தன்றே அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது.

வாபஸ் வாங்க வைத்தது யாருடைய கருணை? ஒற்றுமையின் பலம்! ஆனால் சங்கமே இல்லாத காண்டிராக்ட் தொழிலாளிக்கும், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போகும் இளைஞனுக்கும் எட்டு மணி எங்கே இருக்கிறது? அவர்களிடம் யார் போவது?

நாம்தான் போக வேண்டும். போகும்போது சிங்காரவேலர் கட்டுரை ஒன்றைக் கையில் எடுத்துச் செல்வோம். படித்துக் காட்டுவோம். சங்கத்தில் சேர்ப்போம்!