மாருதி யாருடைய கார்?

(தில்லி வாழ் தமிழ்த் தோழர்களுக்கான கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



தனியார்மயம் என்பதைப் பற்றி நாம் எத்தனையோ தீர்மானங்கள் நிறைவேற்றியிருக்கிறோம். இன்று தீர்மானங்களின் மொழியை விட்டுவிட்டு, ஒரே ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எடுத்துக் கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். நீங்கள் அன்றாடம் சாலையில் காணும் மாருதி சுசூகிதான் அந்த நிறுவனம். உங்களில் சிலரிடமே அந்தக் கார் இருக்கக் கூடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருவர் தம் குடும்பத்தோடு பயணம் செய்ய வைத்திருக்கும் காரை மார்க்சியம் ஒருபோதும் பறிக்கச் சொன்னதில்லை. நுகர்வுக்கான உடைமை வேறு. பிறருடைய உழைப்பை ஆளும் உற்பத்திச் சாதனங்களின் உடைமை வேறு. 'சொந்தக் கார்' என்று ஓர் எழுத்தர் பெருமையோடு சொல்வதும், 'எங்கள் தொழிற்சாலை' என்று ஹமமட்சு நகரத்து முதலாளி சொல்வதும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டாலும் ஒரே பொருளுடையவை அல்ல. இந்த வேறுபாட்டைப் புரிந்து கொள்வதற்கு மாருதியை விடச் சிறந்த பாடநூல் நம் நாட்டில் இல்லை.

சுசூகியின் தொடக்கம் காரில் இல்லை, தறியில் இருக்கிறது. 1909ஆம் ஆண்டு ஜப்பானின் ஹமமட்சுவில் மிச்சியோ சுசூகி என்பவர் நெசவுத் தறிகள் செய்யும் பட்டறையை நிறுவினார். போருக்குப் பின் ஜவுளித் தொழில் சரிந்தது. 1950இல் நிறுவனம் கடும் நெருக்கடியையும் தொழிலாளர் போராட்டத்தையும் சந்தித்தது. 1952இல் மிதிவண்டியில் பொருத்தும் சிறு மோட்டாருக்கும், 1955இல் 360 சி.சி. திறன் கொண்ட 'சுசூலைட்' என்ற சின்னஞ்சிறு காருக்கும் அது மாறியது. சிறு கார்களுக்கு ஜப்பானிய அரசு அளித்த வரிச் சலுகையின் நிழலில்தான் சுசூகி வளர்ந்தது. அரசின் துணையின்றித் தன் கெட்டிக்காரத்தனத்தால் மட்டுமே வளர்ந்த முதலாளி என்று ஒருவரை நமக்கு யாராவது காட்டினால், சற்று நிதானமாக விசாரிப்பது நல்லது. 1980களின் தொடக்கத்தில் டொயோட்டா, நிசான் போன்ற பெருநிறுவனங்களின் முன் சுசூகி சிறிய நிறுவனமே.

இந்தியக் கதை இன்னும் விசித்திரமானது. ஆண்டுக்கு 50,000 கார்கள் செய்வதற்கான உரிமத்தை இந்திரா காந்தி அரசு அவருடைய மகன் சஞ்சய் காந்திக்கு வழங்கியது. 1971இல் 'மாருதி லிமிடெட்' பதிவு செய்யப்பட்டது. ஹரியானா முதல்வர் பன்சிலால் குர்கானில் விவசாயிகளின் நிலத்தைக் கையகப்படுத்தி, ஏறத்தாழ 300 ஏக்கரை மலிவு விலைக்குக் கொடுத்தார். நிலம் வந்தது, கடன் வந்தது, விற்பனையாளர்களிடமிருந்து முன்பணமும் வந்தது. கார் மட்டும் வரவில்லை. அவசரநிலைக்குப் பின் நீதிபதி ஏ.சி. குப்தா ஆணையம் அந்த விவகாரங்களை விசாரித்தது. 1978இல் நிறுவனத்தைக் கலைக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சஞ்சய் மறைந்த பின், 1980 அக்டோபரில் அதன் சொத்துகளை மத்திய அரசு நாட்டுடைமை ஆக்கியது. 1981 பிப்ரவரியில் 'மாருதி உத்யோக்' என்ற பொதுத்துறை நிறுவனம் பிறந்தது. ஒரு குடும்பத்தின் தோல்வியை மக்கள் பணம் கொண்டு துடைத்த செயல் அது என்பதை மறக்க வேண்டியதில்லை.

ஆனால் அதற்குப் பின் நடந்தது வேறு. அந்த நிறுவனத்தைக் கட்டியெழுப்பும் பணி பெல் நிறுவனத்தின் தலைவராக இருந்த, தமிழகத்தைச் சேர்ந்த வி. கிருஷ்ணமூர்த்தியிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னாளில் மாருதியின் முகமாக மாறிய ஆர்.சி. பார்கவா ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து வந்தவர். தனியார் துறையிடம்தான் நிர்வாகத் திறமை இருக்கிறது என்று இன்று நமக்குப் பாடம் நடத்துவோர், இந்தியாவின் மிக வெற்றிகரமான கார் நிறுவனத்தை நிறுவியவர்கள் பொதுத்துறை நிர்வாகிகளும் அரசு அதிகாரிகளும் என்ற செய்தியை வசதியாக விழுங்கி விடுகிறார்கள். 1982 அக்டோபர் 2 அன்று சுசூகியுடன் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. சுசூகிக்கு 26 விழுக்காடு பங்கு, மீதி அரசுக்கு.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியை இந்திரா காந்தி, இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் ஒருவரிடம் கொடுத்தார். அது சஞ்சயின் பிறந்தநாள். தேதி தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. விலை 47,500 ரூபாய். 10,000 ரூபாய் முன்பணம் கட்டி ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பதிவு செய்து காத்திருந்தனர்.

அந்தக் காரை வைத்திருந்தவர்களின் அனுபவம் எப்படிப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். 1950களின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வடிவத்தை அப்படியே சுமந்து வந்த அம்பாசடரையும், இத்தாலியில் கைவிடப்பட்ட பியட் 1100இன் உருவான பிரீமியர் பத்மினியையும் தவிர வேறொன்றையும் அறியாத தலைமுறை அது. குளிர் காலை வேளையில் வண்டியைக் கிளப்புவதே ஒரு சடங்கு. அவர்கள் கையில் 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்சக்கர இயக்கம் கொண்ட, முதல் திருப்பிலேயே உயிர் பெறும் சிறு கார் வந்து சேர்ந்தது. பெட்ரோலை அளந்து குடித்தது. பழுதானால் சிறு நகரத்துத் தெருவோர மெக்கானிக்கும் கைவைக்க முடிந்தது. உதிரிபாகம் எங்கும் கிடைத்தது. இரண்டாம், மூன்றாம் கைக்கு மாறிய பின்னும் ஓடியது. 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை 25 இலட்சத்திற்கும் அதிகமான 800கள் இந்தியாவில் விற்றன. நடுத்தர வர்க்கத்தினர் அந்தக் காரிடம் கொண்ட பாசத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அந்தப் பாசத்திற்குக் காரணம் இருந்தது.

அந்தக் காரணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் கேள்வி. உதிரிபாகம் எங்கும் கிடைத்தது என்றேன் அல்லவா? முதல் கார்களின் பாகங்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து பெட்டிகளில் வந்தவை. ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய அனைத்தையும் உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று அரசு நிபந்தனை விதித்தது. இருக்கைக்கு, கண்ணாடிக்கு, ஸ்டியரிங்குக்கு, தகடு அழுத்துவதற்கு எனத் தனித்தனி நிறுவனங்கள் உருவாக்கப்பட்டன. பாரத் சீட்ஸ், ஜெய் பாரத் மாருதி, அசாஹி இந்தியா கிளாஸ் போன்ற பலவற்றில் மாருதியே பங்கு முதலீடு செய்தது. சில மாருதியின் நிலத்திலேயே எழுந்தன. 1985க்குப் பின் யென் நாணயத்தின் மதிப்பு ஏறியதால் இறக்குமதி விலை கூடியது. அதுவும் உள்நாட்டாக்கத்தை விரைவுபடுத்தியது. எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் சிறு கார்களுக்குச் சுங்கவரி, கலால்வரிச் சலுகைகள் தரப்பட்டன. இன்று 'வாகனத் தொழிலின் அடித்தளம்' என்று போற்றப்படுவது பொதுப் பணத்தாலும் பொதுக் கொள்கையாலும் போடப்பட்ட அடித்தளம்.

இவ்விடத்தில் ஒரு தோழர் எழுந்து, 'அப்படியானால் மாருதி சோசலிசத் திட்டமா?' என்று கேட்கலாம். இல்லை. அன்றே இடதுசாரிகள் கேட்ட கேள்வி சரியானது: பேருந்துக்காக மணிக்கணக்கில் நிற்கும் நாட்டில் பொதுப் பணத்தைக் காருக்குக் கொட்டலாமா? தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி இந்தியக் குடும்பங்களில் கார் வைத்திருப்பவை சுமார் 8 விழுக்காடு மட்டுமே. நாற்பது ஆண்டு 'மக்கள் கார்' வரலாற்றுக்குப் பின்னும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் அது இல்லை.

மலிவுக்கும் ஒரு விலை இருந்தது. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனைகளில், ஏர்பேக் இல்லாத ஆல்ட்டோ 800, ஸ்விப்ட் இரண்டும் சுழிய நட்சத்திரம் பெற்றன. ஐரோப்பாவில் விற்ற ஸ்விப்ட்டில் ஏர்பேக் இருந்தது. இந்திய உயிருக்கும் ஐரோப்பிய உயிருக்கும் வெவ்வேறு மதிப்பு என்று எந்த விளம்பரத்திலும் எழுதவில்லை; விலைப்பட்டியலில் எழுதியிருந்தது. முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக்கை அரசு கட்டாயமாக்கியது 2021இல்தான். அண்மையில் அதே நிறுவனத்தின் டிசையர் ஐந்து நட்சத்திரம் பெற்றிருக்கிறது. ஆக, தொழில்நுட்பம் தடையாக இருக்கவில்லை.

இனி உடைமை கை மாறிய கதை. சுசூகியின் பங்கு 26இலிருந்து 40ஆகி, 1992இல் 50ஐத் தொட்டது. புதிய பொருளாதாரக் கொள்கை வந்த மறு ஆண்டு அது என்பதைக் கவனியுங்கள். 1997இல் முரசொலி மாறன் தொழில் அமைச்சராக இருந்தபோது, அரசு பாஸ்கருடு என்பவரை நிர்வாக இயக்குநராக நியமித்தது. அவர் தகுதியற்றவர் என்று சுசூகி எதிர்த்தது. பன்னாட்டு நடுவர் மன்றம் வரை போயிற்று. அடுத்த ஆண்டு பா.ஜ.க. அரசு சமரசம் செய்து, அவருடைய பதவிக்காலத்தைச் சுருக்கியது. 2002இல் அருண் ஷோரி பங்கு விற்பனை அமைச்சராக இருந்தபோது, 1,000 கோடி ரூபாய் பெற்றுக் கொண்டு கட்டுப்பாட்டு உரிமையே சுசூகியிடம் கொடுக்கப்பட்டது. அதன் பங்கு 54 விழுக்காட்டைத் தாண்டியது. 2003இல் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட பங்கின் விலை 125 ரூபாய். 2007இல் அரசு கடைசிப் பங்கையும் விற்றுவிட்டு வெளியேறியது. அப்போது தில்லியில் இருந்தது காங்கிரஸ் தலைமையிலான அரசு. அதே ஆண்டு 'உத்யோக்' என்ற சொல் நீங்கி, பெயரில் 'சுசூகி' ஏறியது. 2024இல் அந்தப் பங்கு ஒன்று 12,000 ரூபாய்க்கும் மேல் விலை போனது. சுசூகி உலகம் முழுவதும் விற்கும் கார்களில் பாதிக்கும் மேல் இந்தியாவில் விற்பவை. இலாபப் பங்கு தவிர, தொழில்நுட்பத்திற்கென உரிமத்தொகையும் ஜப்பானுக்குப் போகிறது. சில ஆண்டுகளில் அது மொத்த விற்பனையில் 5 விழுக்காட்டைத் தாண்டியது.

தொழிலாளர் பக்கம் வருவோம். 'ஜப்பானிய நிர்வாக முறை' என்று புகழப்படுவது வானத்திலிருந்து விழுந்ததன்று. 1953இல் நிசான் நிறுவனம் கதவடைப்புச் செய்து, நிர்வாகத்துக்கு இணக்கமான இரண்டாவது சங்கம் ஒன்று எழத் துணை நின்று, போர்க்குணம் மிக்க சங்கத்தை உடைத்தது. நிறுவனத்துக்குள் அடங்கிய சங்கம் என்ற ஏற்பாடு இத்தகைய தோல்விகளின் மேல்தான் எழுந்தது. குர்கானில் எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே உணவகம், காலை உடற்பயிற்சி என்று அது வந்திறங்கியது. சமத்துவத்தின் தோற்றம் இருந்தது. வேகத்தை முடிவு செய்யும் உரிமை மட்டும் பொதுவாகவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 2000 அக்டோபரில் ஊக்கத்தொகைத் தகராறில், 'நன்னடத்தை உறுதிமொழி' எழுதித் தராமல் உள்ளே வரக்கூடாது என்று நிர்வாகம் கூறித் தொழிலாளர்களை 2001 ஜனவரி வரை வெளியே நிறுத்தியபோது, ஏறக்குறைய பாதிப் பங்கு அரசிடமே இருந்தது. அரசின் பெயரில் பங்குப் பத்திரம் இருப்பதும் தொழிலாளி வர்க்கத்தின் குரல் ஆலைக்குள் இருப்பதும் ஒன்றல்ல. பொதுத்துறையைக் காக்கும் போராட்டத்தில் நாம் அடிக்கடி விட்டுவிடும் கண்ணி இது.

மானேசர் ஆலையில் 2011இல் எழுந்த போராட்டம் கூலிக்காக மட்டும் எழுந்ததன்று; தமக்கென ஒரு சங்கம் வேண்டும் என்பதே முதல் கோரிக்கை. நிமிடத்திற்கு ஒன்றுக்கு மேல் கார் நகரும் வரிசை. தேநீருக்கும் சிறுநீர் கழிக்கவும் சேர்த்து ஏழு நிமிடம். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அந்த நாளின் கூலியை விட அதிகமாகப் பிடித்தம். இவை தொழிலாளர்கள் சொன்னவை. ஜூனில் 13 நாள் வேலைநிறுத்தம். ஆகஸ்ட் இறுதியில் மீண்டும் அதே நன்னடத்தைப் பத்திரம், 33 நாள் கதவடைப்பு. அக்டோபரில் நடந்ததைத்தான் தோழர்கள் தனியே குறித்துக் கொள்ள வேண்டும். ஏறத்தாழ 1,200 ஒப்பந்தத் தொழிலாளர்களை நிர்வாகம் திரும்ப எடுக்க மறுத்தபோது, நிரந்தரத் தொழிலாளர்கள் அவர்களுக்காக ஆலைக்குள்ளேயே அமர்ந்தனர். அருகிலிருந்த சுசூகி ஆலைகளின் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினர். அன்றையத் தலைவர்கள் உள்ளிட்ட 30 பேர் பின்னர்ப் பணம் பெற்றுக் கொண்டு விலகினர். அந்த அடியையும் தாங்கிக் கொண்டு, 2012 மார்ச்சில் புதிய சங்கத்தைத் தொழிலாளர்கள் பதிவு செய்தனர்.

2012 ஜூலை 18 அன்று ஆலைக்குள் மோதலும் தீயும் மூண்டு மனிதவள மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். சங்கப் பதிவுக்கு உதவியவர் அவர் என்று தொழிலாளர்களே கூறியுள்ளனர். அந்த மரணத்தை நாம் எளிதாகக் கடந்து போகக் கூடாது. அதற்குப் பதிலாக நடந்தது என்ன? 148 தொழிலாளர்கள் கைது. 546 நிரந்தரத் தொழிலாளர்களும், ஏறத்தாழ 1,800 ஒப்பந்தத் தொழிலாளர்களும் வேலையிழந்தனர். 2013 மே மாதம் பிணை மறுத்த உயர்நீதிமன்றம், தொழிலாளர் கொந்தளிப்பு அந்நிய முதலீட்டாளர்களை அச்சுறுத்தும் என்று தன் உத்தரவில் குறிப்பிட்டது. முதலீட்டாளரின் மனநிலை பிணை மனுவில் ஒரு தரப்பாக அமர்ந்தது. பெரும்பாலோர் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தனர். 2017 மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது 117 பேர் குற்றமற்றவர்கள். அரசுத் தரப்புச் சாட்சிகள் குற்றம் சாட்டப்பட்டவர்களை ஆங்கில அகரவரிசைப்படி ஆளுக்கு ஒரு பகுதியாகப் பெயர் சொல்லியிருந்தனர். அந்த அதிசயத்தை நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. தண்டிக்கப்பட்ட 31 பேரில் 13 பேருக்கு ஆயுள் தண்டனை. அவர்களில் 12 பேர் சங்க நிர்வாகிகள். அந்த 13 பேரில் இருவர் 2021இல் இறந்து போனார்கள்.

விடுதலையான 117 பேருக்கும் வேலை திரும்பவில்லை. அவர்களும் பதவி நீக்கப்பட்ட பிறரும் 2024 செப்டம்பரில் மானேசரில் மீண்டும் தர்ணாவில் அமர்ந்தனர். 2025 தொடக்கத்தில், சில மாதங்களுக்கு எடுத்துக் கொண்டு அனுப்பிவிடப்படும் தற்காலிகத் தொழிலாளர்களும் பயிற்சித் தொழிலாளர்களும் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுத் திரண்டனர். இன்று மாருதியின் வரிசைகளில் நிற்பவர்களில் நிரந்தரத் தொழிலாளர் சிறுபான்மை. 2011இல் ஒப்பந்தத் தொழிலாளருக்காக நிரந்தரத் தொழிலாளர் அமர்ந்தார்கள். இப்போது தற்காலிகத் தொழிலாளர் தாமே தமக்காகத் திரள வேண்டியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஐ.டி.ஐ. முடித்த இருபது வயது இளைஞர்கள். உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான் ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்தவுடன் வாடகை அறையைக் காலி செய்து விட்டுப் போய்விடுபவர்கள். ஏழு மாதம் மட்டுமே ஓர் ஊரில் இருப்பவரை எந்தக் கிளையில், எந்தச் சங்கத்தில் சேர்ப்பது என்பதற்கு நம்மிடம் இன்னும் ஏற்பாடு இல்லை. தேநீர் இடைவேளைக்குப் பின் அதைப் பற்றி உங்கள் கருத்துகளைக் கேட்க விரும்புகிறேன். குர்கான் பக்கம் வேலை செய்யும் தோழர்கள் முதலில் பேசட்டும்.