இருட்டில் யார் பக்கம்?

தோழர்களே, துப்பறியும் கதைகளில் பதுங்கிக் காத்திருக்கும் கட்டம் ஒன்று வரும். கானன் டாயிலின் 'செம்பட்டைத் தலையர் சங்கம்' 1891இல் வெளியானது. வங்கி நிலவறையில் 30,000 பிரெஞ்சுத் தங்கக் காசு. விளக்கை மூடிவிட்டு ஹோம்சும் இன்னும் மூன்று பேரும் ஒன்றேகால் மணிநேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். சனிக்கிழமைச் சீட்டாட்டம் போச்சேன்னு வங்கித் தலைவருக்கு முனகல். (நான் வங்கிக் குமாஸ்தா, அந்த முனகல் எனக்குப் பழக்கம்.) நாமும் மூச்சடக்கி வங்கிப் பக்கமே உட்கார்ந்துவிடுகிறோம். இந்த உத்தி நம்மைக் காவலுக்கு வைக்குது. வாரம் 4 பவுண்டுக்குக் கலைக்களஞ்சியத்தைப் பார்த்தெழுதி ஏமாந்த அடகுக்கடைக்கார வில்சன் ஞாபகத்திலேயே இல்லை.

தரையைப் பெயர்த்துக்கொண்டு திருடன் வருகிறான். அரச குடும்பத்து டியூக்கின் பேரன். விலங்கு மாட்டும்போதும் அழுக்குக் கையால் தொடக்கூடாதாம், 'ஐயா' போட்டுப் பேசணுமாம். போலீஸ்காரர் இளித்துக்கொண்டே 'ஐயா' போடுகிறார். அங்கே எனக்குச் சிரிப்பு வரலை, தோழர்களே.